டோஸ் மாறல... மருந்தும் மாறல... ஆனா நோயாளிகள் தள்ளாடியது ஏன்? ‘பயோஅவைலபிலிட்டி’ என்றால் என்ன?

மெடிக்கல் ஷாப்பில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. “நீங்க கேட்ட கம்பெனி இல்லைங்க. அதே மருந்துதான், அதே 100 பவர்தான், கம்பெனி மட்டும் வேற. தரட்டுமா?” நாமும் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்துவிடுவோம். பெரும்பாலான மருந்துகளில் அதனால் ஒரு பிரச்சினையும் வருவதில்லை.

ஆனால் 1968-69ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்தது வேறு. அங்கே வலிப்பு நோய்க்கு ஃபெனிடோயின் என்ற மருந்தைப் பல காலமாகச் சாப்பிட்டு வந்தவர்கள், அடுத்தடுத்து மருத்துவர்களிடம் வரத் தொடங்கினார்கள். நடை தள்ளாடுது, கண் தன்னால ஆடுது, பேச்சு குழறுது... எல்லாமே அந்த மருந்து உடலில் அளவுக்கு மீறிப்போனால் வரும் அறிகுறிகள். ரத்தத்தைச் சோதித்தால், மருந்தின் அளவு எகிறிக் கிடந்தது.

குழப்பம் என்னவென்றால், யாரும் கூடுதலாகச் சாப்பிடவில்லை. மருத்துவர்கள் டோஸை ஏற்றவும் இல்லை. கேப்ஸ்யூலுக்குள் இருந்த ஃபெனிடோயினின் அளவும் அப்படியேதான் இருந்தது. பிறகு ரத்தத்தில் மட்டும் எப்படிக் கூடியது?

இந்தக் கேள்விக்கான விடை ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: பயோஅவைலபிலிட்டி. தமிழில் ‘உயிர்க் கிடைப்பளவு’ என்று வைத்துக்கொள்ளலாம். மாத்திரை அட்டையில் இந்தச் சொல் இருக்காது. ஆனால் அட்டையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் இதுதான் இருக்கிறது.

500 மி.கி. போட்டா, 500ம் போய்ச் சேருமா?

சேராது. வாய் வழியாகப் போடும் மருந்தில் எவ்வளவு பங்கு, உருமாறாமல், பொது ரத்த ஓட்டத்தில் போய்ச் சேருகிறது, எவ்வளவு வேகத்தில் சேருகிறது என்பதைத்தான் பயோஅவைலபிலிட்டி என்கிறார்கள். எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம். இரண்டும் முக்கியம்.

நரம்பு வழியாக ஊசியில் ஏற்றினால் மருந்து நேராக ரத்தத்தில்தான் இறங்குகிறது. அதனால் அதை 100 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். மற்ற வழிகள் எல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கப்படுகின்றன. மருந்து கொடுத்தபின் குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தம் எடுத்து, அளவு ஏறி இறங்குவதை ஒரு வரைபடமாகப் போடுவார்கள். மலை மாதிரி ஒரு கோடு வரும். அந்த மலைக்கு அடியில் இருக்கும் பரப்பளவுதான் உடலுக்குக் கிடைத்த மொத்த மருந்து. மாத்திரையின் மலையை ஊசியின் மலையால் வகுத்தால் சதவீதம் கிடைத்துவிடும்.

எண்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரப்படும் ப்ரோப்ரனலால் மாத்திரையில் கிட்டத்தட்ட கால் பங்குதான் ரத்தத்தை எட்டுகிறது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபினில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் ஊசியில் இருந்து மாத்திரைக்கு மாற்றும்போது மருத்துவர்கள் அளவைச் சுமார் மூன்று மடங்கு ஆக்குகிறார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் இன்னும் மோசம். ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 70 மி.கி. மாத்திரை போட்டால் அரை மி.கி.கூட ரத்தத்துக்குப் போவதில்லை.

அப்படியானால் அது உதவாத மருந்தா? இல்லை. அந்த அரை மில்லிகிராம் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் 70 என்று வைத்திருக்கிறார்கள். இதுதான் இந்த விஷயத்தில் பலர் தவறவிடும் இடம். கிடைப்பளவு குறைவாக இருப்பது பெரிய பிரச்சினை இல்லை, டோஸை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு சொல்லாமல் கொள்ளாமல் மாறினால்தான் ஆபத்து.

மீதி மருந்து எங்கே போகுது?

மாத்திரை விழுங்கியதும் முதலில் உடைய வேண்டும். பிறகு கரைய வேண்டும். கரையாத மருந்து உள்ளே போகாது, அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும். வயிற்றில் இருக்கும் அமிலம் சில மருந்துகளைச் சிதைத்துவிடுகிறது. இன்சுலினை மாத்திரையாக விழுங்கினால் செரிமானச் சாறுகள் அதை ஒரு புரத உணவு மாதிரி செரித்துவிடும். சர்க்கரை நோயாளிகள் ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

தப்பிப் பிழைத்த மருந்து சிறுகுடலின் சுவரைத் தாண்ட வேண்டும். அந்தச் சுவரிலேயே மருந்தை உடைக்கும் நொதிகள் காவல் இருக்கின்றன. உள்ளே வந்த மருந்தை மீண்டும் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும் புரதங்களும் இருக்கின்றன.

அதையும் கடந்தால் இன்னொரு செக்போஸ்ட். குடலில் இருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை, முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சாப்பாட்டோடு விஷம் ஏதாவது வந்திருந்தால் உடம்பெல்லாம் பரவுவதற்கு முன் பிடித்துவிட உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. கல்லீரலுக்கு இது மருந்து, இது விஷம் என்ற பேதம் கிடையாது. வந்ததில் ஒரு பங்கை உடைத்துவிட்டுத்தான் மீதியை விடும். இந்த முதல் சுற்று இழப்பை ‘ஃபர்ஸ்ட் பாஸ்’ விளைவு என்கிறார்கள்.

நெஞ்சு வலி வந்தால் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? நாக்கின் அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் கல்லீரலைத் தொடாமல் நேராகப் பொது ரத்த ஓட்டத்தில் சேர்கின்றன. நைட்ரோகிளிசரினை விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் முடித்துவிடும், நாக்கடியில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். நெஞ்சு வலிக்கு இந்த மருந்து உதவும் என்று இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் முர்ரல் எழுதியது 1879ல். பயோஅவைலபிலிட்டி என்ற சொல் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால்!

இந்தப் பேரு எங்கிருந்து வந்தது?

சொல்லைப் பிரித்தால், ‘பயோஸ்’ கிரேக்கம், உயிர் அல்லது வாழ்வு என்று பொருள். ‘அவைல்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, அதன் வேர் ‘வலேரே’ என்ற லத்தீன் வினைச்சொல். வலிமையோடு இருத்தல், மதிப்பு உடையதாக இருத்தல் என்று அர்த்தம். ‘வேல்யூ’, ‘வேலிட்’ எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள்தான். ஆக, அவைலபிள் என்பதற்கு இன்று ‘கிடைக்கும்’ என்று நாம் எடுத்துக்கொண்டாலும், வேரில் இருப்பது ‘பலன் தரக்கூடிய’ என்ற பொருள். மருந்துக்கு இந்தப் பழைய பொருள்தான் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கடையில் கிடைத்தால் மட்டும் போதாது, உடலில் பலிக்கவும் வேண்டும்.

இந்த எண்ணம் தொடங்கியது மருந்தில் அல்ல, வைட்டமின் மாத்திரையில். 1945ல் அமெரிக்காவில் ஓசர், மெல்னிக், ஹாக்பெர்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள். மாத்திரைக்குள் எவ்வளவு வைட்டமின் இருக்கிறது என்று ஆய்வகத்தில் அளக்கிறோமே, அதில் உடம்புக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தோமா? மாத்திரையாகக் கொடுத்தும், கரைசலாகக் கொடுத்தும், சிறுநீரில் எவ்வளவு வெளியே வருகிறது என்று ஒப்பிட்டார்கள். உள்ளே சேர்ந்தால்தானே சிறுநீரில் வரும்? இந்த அளவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃபிசியாலஜிக்கல் அவைலபிலிட்டி’.

அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1953ல், டோஸ்ட் என்ற ஜெர்மானியக் குழந்தை மருத்துவர், மருந்து உடலுக்குள் போய் வரும் கணக்கை ஒரு தனித் துறையாக எழுதி, அதற்கு ‘ஃபார்மகோகைனடிக்ஸ்’ என்று பெயரிட்டார். சொல்லைப் பொறுத்தவரை மாற்றம் மெதுவாகத்தான் நடந்தது. 1971ல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வின் தலைப்பில்கூட ‘பயாலஜிக் அவைலபிலிட்டி’ என்று இரண்டு சொற்களாகவே இருக்கிறது. பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டன. 1977ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தப் பெயரிலேயே விதிகளை வெளியிட்டபோது, அது ஆய்வாளர்களின் சொல் என்பதைத் தாண்டி சட்டத்தின் சொல்லாகிவிட்டது.

நடுவில் என்ன நடந்ததால் சட்டம் வரை போனது? அதில் ஒரு பங்கு பிரிஸ்பேனுக்கு உண்டு.

மருந்துல இல்ல, மாவுல இருந்தது சிக்கல்

ஒரு கேப்ஸ்யூலில் மருந்து மட்டும் இருப்பதில்லை. மருந்தின் அளவு மிகச் சிறியது என்பதால், கையாள வசதியாக அதோடு ஏதாவது ஒரு நிரப்புப் பொருளைக் கலப்பார்கள். ஸ்டார்ச், லாக்டோஸ், கால்சியம் உப்பு... இவையெல்லாம் ‘ஒன்றும் செய்யாதவை’ என்றுதான் அதுவரை நம்பப்பட்டது.

பிரிஸ்பேனில் விற்ற ஃபெனிடோயின் கேப்ஸ்யூலில் முன்பு கால்சியம் சல்ஃபேட் நிரப்பப்பட்டிருந்தது. தயாரிப்பாளர் அதை லாக்டோஸாக மாற்றினார். அவ்வளவுதான் மாற்றம். கால்சியம் சல்ஃபேட் இருந்தவரை மருந்தின் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிக்கொண்டிருந்தது. மருத்துவர்களுக்கும் அது தெரியாது, நோயாளிகளுக்கும் தெரியாது. வலிப்பு நிற்கும்வரை டோஸை ஏற்றி, அந்த அளவில் நிறுத்தியிருந்தார்கள். லாக்டோஸ் வந்ததும் அந்தத் தடை விலகியது. வீணாகிக்கொண்டிருந்த பங்கும் ரத்தத்துக்குள் வந்துவிட்டது.

ஃபெனிடோயினுக்கு இன்னொரு குணம் உண்டு. அதை உடைக்கும் கல்லீரல் நொதிகளுக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. அந்த எல்லையை நெருங்கிவிட்டால், உள்ளே போகும் அளவு கொஞ்சம் கூடினாலே ரத்தத்தில் இருக்கும் அளவு பல மடங்கு ஏறிவிடும். டோல்கேட்டில் நிமிடத்துக்குப் பத்து வண்டி போகலாம் என்றால் பத்து வண்டி வரும்வரை நெரிசல் இல்லை, பன்னிரண்டு வந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும் அல்லவா, அந்த மாதிரி. தள்ளாட்டம் வந்தது அதனால்தான்.

டைரர், ஈடி உள்ளிட்ட நரம்பியல் மருத்துவர்கள் இதை 1970ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தைக் கொஞ்சமும் தொடாமல், அதோடு கலக்கும் மாவை மாற்றியே ஒரு நகரத்தின் நோயாளிகளை நச்சுக்கு ஆளாக்க முடியும் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. இதைத் தலைகீழாகவும் யோசித்துப் பாருங்கள். லாக்டோஸில் இருந்து கால்சியம் சல்ஃபேட்டுக்கு மாற்றியிருந்தால், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்திருக்கும். மருத்துவர் ‘மருந்தை ஒழுங்கா சாப்பிடலையா?’ என்று நோயாளியைத்தான் கேட்டிருப்பார்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இருந்து இன்னொரு அதிர்ச்சி. இதய நோய்க்குத் தரும் டிகாக்ஸின் மாத்திரையை லிண்டன்பாம் குழுவினர் ஒப்பிட்டார்கள். மூன்று தயாரிப்பாளர்களின் நான்கு மாத்திரைகள், அட்டையில் எல்லாம் ஒரே அளவு. ரத்தத்தில் பார்த்தால், சிலவற்றுக்கு இடையே ஏழு மடங்கு வரை வித்தியாசம்! இதில் ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுதிகளும் இருந்தன, அவையும் ஒத்துப்போகவில்லை. மேலே சொன்ன 1971 ஆய்வு இதுதான். டிகாக்ஸினில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் இதை யாராலும் ஒதுக்கிவிட முடியவில்லை. 1974ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் இதற்கென்றே ஒரு அறிக்கை தந்தது. 1977ல் விதிகள் வந்தன.

அப்போ ஜெனரிக் மருந்தை நம்பலாமா?

இந்த விதிகள் கொண்டுவந்த இன்னொரு சொல்தான் ‘பயோஈக்விவலன்ஸ்’. இரண்டு மாத்திரைகளின் பயோஅவைலபிலிட்டி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு முதலில் ஒரு கம்பெனி மருந்து, சில நாள் இடைவெளி விட்டு இன்னொரு கம்பெனி மருந்து கொடுத்து, இரண்டு மலைகளையும் ஒப்பிடுவார்கள்.

இதில் 80 முதல் 125 சதவீதம் என்று ஒரு வரம்பு உண்டு. ‘அப்போ 45 சதவீதம் வித்தியாசம் இருந்தாலும் ஓகேவா?’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பயம் இதை வைத்துத்தான். அது தவறான புரிதல். சராசரி மட்டும் இந்த எல்லைக்குள் இருந்தால் போதாது. அந்தச் சராசரியைச் சுற்றியுள்ள புள்ளியியல் பிழை வரம்பு முழுவதும் உள்ளே அடங்க வேண்டும். சராசரியே 80ஐ ஒட்டி இருந்தால் அந்த மருந்து தேறவே தேறாது. எஃப்.டி.ஏ. 12 ஆண்டுகளில் வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அசலுக்கும் ஜெனரிக்குக்கும் மொத்த மருந்து அளவில் சராசரி வித்தியாசம் சுமார் மூன்றரை சதவீதம்தான் இருந்தது. டிகாக்ஸின் காலத்து ஏழு மடங்கோடு இதை ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

ஆனால் இந்தச் சோதனை நடந்திருந்தால்தான் இந்த நம்பிக்கை செல்லும். இந்தியாவில் இங்கேதான் நீண்ட காலம் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு புதிய மருந்துக்கு அனுமதி கிடைத்து நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டால், அதன் ஜெனரிக்கைத் தயாரிக்க வருபவர் பயோஈக்விவலன்ஸ் சோதனை காட்டாமலே மாநில அதிகாரிகளிடம் உரிமம் வாங்க முடிந்தது. 2017 ஏப்ரலில்தான் மத்திய அரசு விதியைத் திருத்தி, கரைவதில் சிக்கல் உள்ள இரண்டு வகை மருந்துகளுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. ஃபெனிடோயின் அப்படி எளிதில் கரையாத மருந்துதான். அந்தத் தேதிக்கு முன்பே உரிமம் வாங்கிவிட்ட மருந்துகளின் நிலை என்ன என்று விமர்சகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஜன் ஔஷதி எனும் மக்கள் மருந்தகங்கள், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்கள் என்று மலிவு விலை ஜெனரிக் மருந்துகளைத் தேடிப்போவோர் பெருகி வருகிறார்கள். மாதம் ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பெரும்பாலான மருந்துகளில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தாலும் உடல் சமாளித்துக்கொள்ளும். கவனம் தேவைப்படுவது ஒரு சிறிய பட்டியலுக்குத்தான். வலிப்பு மருந்துகளில் சில, தைராய்டு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், டிகாக்ஸின், சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள் சாப்பிடும் மருந்துகள். ஐரோப்பிய நாடுகளில் இப்படிப்பட்ட மருந்துகளுக்கு 80-125 என்ற வரம்பை 90-111 என்று இறுக்கி வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடும் ஒரு கம்பெனி மாதிரிதான்

மாத்திரையின் மாவு மட்டுமா? நம்ம தட்டில் இருப்பதும் இதே வேலையைச் செய்யும்.

கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்பவர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். மதுவின் சுவை தெரியக்கூடாது என்பதற்காக கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. மதுவைச் சந்தேகித்துத் தேடியவர்கள் கடைசியில் பிடித்தது ஜூஸை! தண்ணீரோடு சாப்பிடுவதைவிட ஜூஸோடு சாப்பிட்டால் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மருந்து உள்ளே போகிறது என்று 1991ல் எழுதினார்கள். குடல் சுவரில் காவல் இருக்கும் அந்த நொதியை கிரேப்ஃப்ரூட் முடக்கிவிடுகிறது. நம்ம ஊர் பம்ப்ளிமாஸ் இதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால், சில கொழுப்பு மாத்திரைகளும் உறுப்பு மாற்று மருந்துகளும் சாப்பிடுவோரை அதிலும் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள்.

மிளகும் இந்த ரகம்தான். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் பல சித்த, ஆயுர்வேத மருந்துகளில் துணைக்கு நிற்கும். (பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கே இந்த மருந்தின் பெயர்தான்.) இது ஏன் எல்லாவற்றிலும் வருகிறது என்ற கேள்வியில் இருந்து ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகத்தில் சி.கே. அடல் தலைமையில் ஆய்வு நடந்து, மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் மற்ற மருந்துகளை உடலில் அதிகம் சேர வைக்கிறது என்று கண்டார்கள். ‘பயோஎன்ஹான்சர்’ என்ற சொல் அங்கே 1979ல் பிறந்தது. பின்னாளில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு பைப்பரினைச் சேர்த்து, 450 மி.கி. தேவைப்பட்ட இடத்தில் 200 மி.கி. வைத்து ஒரு கேப்ஸ்யூலே இந்தியாவில் வந்தது.

1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு ஒன்று, மஞ்சளில் உள்ள குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தால் மனிதர்களில் அதன் கிடைப்பளவு 2,000 சதவீதம் கூடுகிறது என்றது. இன்றும் யூடியூப்பில் ‘மஞ்சள் + மிளகு = 20 மடங்கு பவர்’ என்று வருவதெல்லாம் இதை வைத்துத்தான். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். குர்குமின் தனியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கண்ணுக்கே தெரியாத அளவுதான் சேரும். அதை 20 மடங்காக்கினாலும் அது சிறிய அளவுதான். இன்னொரு பக்கம், அடர்த்தியான மஞ்சள் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி அமெரிக்காவில் 2022ல் ஒரு ஆய்வு வந்தது, சிலர் சாப்பிட்டவற்றில் மிளகுச் சத்தும் இருந்தது. ரசத்தில் போடும் மிளகுக்கும் மஞ்சளுக்கும் இதனால் பழி இல்லை, பேச்சு கேப்ஸ்யூல்களைப் பற்றியது.

வெறும் வயித்துலயா, சாப்பிட்ட பிறகா?

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடச் சொல்வதும் இதே கணக்குதான். காபியோடு போட்டால் ஒரு பங்கு உள்ளே சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பாலோடு விழுங்கினால், பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரைக்கு டீ எதிரி.

எல்லா மருந்துக்கும் வெறும் வயிறுதான் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் நல்ல உதாரணம். அது குடலில் சரியாக உறிஞ்சப்படாத மருந்து. புழு குடலுக்குள்தானே இருக்கிறது, மருந்தும் அங்கேயே தங்கினால் நல்லதுதான். ஆனால் நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய், அதன் இளம்புழு மூளைக்கட்டியாகிவிட்டவருக்கு இதே மருந்து ரத்தத்துக்குள் போயாக வேண்டும். அவர்களுக்குக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுப்பார்கள். அப்படிச் சாப்பிட்டால் வெறும் வயிற்றைவிட ஐந்து மடங்கு வரை கூடுதலாகச் சேரும்.

‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’, ‘சி.ஆர்.’ என்று பெயருக்குப் பின்னால் எழுத்து இருக்கும் மாத்திரைகளை விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று பொடித்துக் கொடுக்கக் கூடாது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் கொட்டிவிடும். வயதானவர்களுக்கும், மூக்கில் குழாய் போட்டவர்களுக்கும் வீட்டில் மருந்து கொடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது, பெரும்பாலும் சிரப்பாகவோ வேறு வடிவத்திலோ மாற்று இருக்கும்.

வலிப்பு, தைராய்டு, வார்ஃபரின் என்று மேலே சொன்ன சிறிய பட்டியலில் உங்கள் மருந்து இருந்தால், கம்பெனி மாறும்போது கடைக்காரரிடம் தலையாட்டுவதற்கு முன் மருத்துவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மருந்தைத் திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம், வலிப்பு மருந்தில் அது இன்னும் ஆபத்து. பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து காட்டினால் போதும். தைராய்டுக்குக் கம்பெனி மாறியிருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர்., ஃபெனிடோயினுக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு. பிரிஸ்பேன் மருத்துவர்கள் காரணத்தைப் பிடித்ததும் அந்தக் கடைசிப் பரிசோதனையை வைத்துத்தான்.